பழைய இசைத்தட்டைக் கணினிக்கு ஏற்றும்போது: ஒலி கெட்டது ப்ரீஆம்பிலா, கணினியிலா?

இசைத்தட்டில் வெட்டியிருப்பது பாடியவர் பாடிய ஒலி அப்படியே அல்ல. பாஸைக் (தாழ்ந்த, கனத்த ஒலி) குறைத்து, ட்ரெபிளைக் (உயர்ந்த, கூரான ஒலி) கூட்டித்தான் வெட்டுவார்கள். பாஸை முழு அளவில் வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடிப் பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். ட்ரெபிளைக் கூட்டி வெட்டினால், கேட்கும்போது அதைக் குறைப்போம். அப்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். ஆக, ஊசியிலிருந்து வருவதைத் தலைகீழாகத் திருத்தினால்தான் பாட்டு பாட்டாகக் கேட்கும். எந்த அலைவரிசையை எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்று சொல்லும் கோட்டைக் கர்வ் என்பார்கள். 1954இல் பொதுவாக ஏற்கப்பட்ட ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம்) கர்வ் இதற்கான கணக்கு. 50, 500, 2122 ஹெர்ட்ஸ் என்று அதற்கு மூன்று திருப்பங்கள், அதாவது கோடு வளையும் இடங்கள். 1000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால் 20 ஹெர்ட்ஸில் 19.3 டெசிபெல் கூட்ட வேண்டும், 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் குறைக்க வேண்டும்.

இந்த வேலையை, ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்புக்குள் இருக்கும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் செய்யலாம், கணினியும் செய்யலாம். எது உசத்தி என்ற சண்டை பழசு. என் கட்சி இதுதான்: கணக்குத் தெரிந்த கர்வை எங்கே போட்டாலும் பரவாயில்லை, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துவிடலாம். கணக்குத் தெரியாத குமிழ் பதிவில் ஏறிவிட்டால் எடுக்க வழியில்லை. அதனால் ஆம்ப்ளிஃபையரின் பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் நடுவில் இருக்கட்டும், லவுட்னஸ் பொத்தானை அணைத்துவிடுங்கள். முடிந்தால் அந்தக் குமிழ்களுக்கு முன்னாலேயே பிரியும் டேப் அவுட்டிலிருந்து கணினிக்கு எடுங்கள். கேட்கும்போது இனிமையாக்க எவ்வளவு வேண்டுமானாலும் திருகிக்கொள்ளலாம், பதிவாவது மட்டும் சுத்தமாக இருந்தால் போதும்.

இனி, கேட்கும் குறையை வைத்துக் காரணத்தைத் தேடுவோம்.

ஒலி சின்னதாக, மெலிந்து, ‘ஸ்ஸ்’ மட்டும் துருத்திக்கொண்டு கேட்கிறது

ஆர்ஐஏஏ எங்குமே நடக்கவில்லை. ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். அதை நேராக மைக் இன்னிலோ லைன் இன்னிலோ செருகியிருப்பீர்கள், அல்லது டர்ன்டேபிளின் பின்பக்க ஸ்விட்ச் ஃபோனோவில் நிற்கும்.

பதிவைத் தூக்கி எறிய வேண்டாம். இப்படிக் கர்வ் போடாமல் எடுப்பதை ஃப்ளாட் ட்ரான்ஸ்ஃபர் என்று சிலர் வேண்டுமென்றே செய்கிறார்கள். கணினியில் ஆர்ஐஏஏவைப் போட்டால் சரியாகிவிடும். சாக்ஸ் என்ற இலவசக் கட்டளைவரிக் கருவியில் அதற்கென்றே ஓர் எஃபெக்ட் இருக்கிறது. ஆனால் பதிவு 24 பிட்டா என்று முதலில் பாருங்கள். 16 பிட்டில் எடுத்திருந்தால், பாஸைச் சுமார் 20 டெசிபெல் தூக்கும்போது மூன்று பிட்டுக்கு மேல் கைவிட்டுப் போகும், அடியில் கிடந்த கரகரப்பும் கூடவே எழும். பழைய சவுண்ட் கார்டுதான் கையில் இருக்கிறது என்றால் அனலாக் ப்ரீஆம்பில் கர்வைப் போட்டுவிட்டு உள்ளே அனுப்புவதே நல்லது. 24 பிட் இருந்தால் இந்தக் கவலை கிடையாது. தட்டின் சொந்த இரைச்சலுக்கு முன்னால் கருவியின் இரைச்சல் ஒன்றுமே இல்லை.

பாஸ் உப்பி, கிழிந்து கேட்கிறது

ஆர்ஐஏஏ இரண்டு தடவை நடக்கிறது. டர்ன்டேபிளுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் ஒரு தடவை, ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ இன்புட் இன்னொரு தடவை. பின்பக்க ஸ்விட்ச்சை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கேபிளை ஆக்ஸ் இன்புட்டில் செருகுங்கள். ஏற்கெனவே பதிவு செய்துவிட்டீர்கள், உப்பல் மட்டும்தான், கிழிசல் இல்லை என்றால் தலைகீழ் ஆர்ஐஏஏ ஒரு தடவை போட்டால் மீட்டுவிடலாம். கிழிந்தது கிழிந்ததுதான், தட்டை மறுபடி ஓட்டுங்கள்.

இதே குறைக்கு இன்னொரு காரணம் செராமிக் கார்ட்ரிட்ஜ். சூட்கேஸ் மாதிரி மூடும் பழைய ரெக்கார்டு ப்ளேயர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், ஆர்ஐஏஏவுக்கு ஓரளவு பொருந்தியும் வந்துவிடும். இதை ஃபோனோ இன்புட்டில் கொடுத்தால் கிழியாமல் என்ன செய்யும்? அதற்காகச் சாதாரண லைன் இன்னில் கொடுத்தால் பாஸ் காணாமல் போகும். அந்த இன்புட்டின் தடை சில பத்து கிலோஓம்தான். செராமிக்குக்கு 1 மெகாஓம் வரை வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டார் செருகும் இன்புட் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அது அனேகமாக 1 மெகாஓம்தான் இருக்கும்.

78 தட்டு மட்டும் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது

நிமிடத்துக்கு 33⅓ சுற்றும் எல்பி நன்றாகப் பாடுகிறது, 78 சுற்றும் பழைய தட்டு மட்டும் இப்படி என்றால் கர்வ் பொருந்தவில்லை. ஆர்ஐஏஏ பிறப்பதற்கு முன்னால் வெட்டிய தட்டு அது. மின்வழிப் பதிவு வந்த 1925க்குப் பிறகு ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். எச்எம்வி, கொலம்பியா எல்லாம் சேர்ந்து உருவான இஎம்ஐயில் 78களுக்குப் பாஸ் திருப்பம் 250 ஹெர்ட்ஸ், ட்ரெபிளில் கூட்டல் கிடையாது. இப்படிப்பட்ட தட்டை ஆர்ஐஏஏ வழியாகக் கேட்டால் என்ன ஆகும்? 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய 6 டெசிபெல் அதிகம். மேலே, கூட்டாத ட்ரெபிளைப் போய்க் குறைக்கிறோம்: 5000 ஹெர்ட்ஸில் 8 டெசிபெல், 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் போய்விடும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி குமுறும், வயலின் வில்லின் உரசல் மறைந்துவிடும்.

ஆம்ப்ளிஃபையரின் ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருகிச் சமாளிப்பவர்கள் உண்டு. அந்தக் குமிழ் வேறு இடத்தில், வேறு சரிவில் தூக்கும். ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் கூசும். கணினியில் இரண்டு படியாகச் செய்யுங்கள். முதலில் தலைகீழ் ஆர்ஐஏஏ போட்டு ஊசியிலிருந்து வந்த வடிவத்துக்குத் திரும்புங்கள். அப்புறம் அந்தத் தட்டுக்கு உரிய கர்வைப் போடுங்கள். சில மென்பொருள்கள் திருப்பத்தை ஹெர்ட்ஸில் கேட்காமல் நேரமாறிலியாகக் கேட்கும்: 250 ஹெர்ட்ஸ் திருப்பத்துக்கு 636 மைக்ரோசெகண்ட், 500 ஹெர்ட்ஸுக்கு 318. ஐம்பதுகளின் நடுவில் 78களுக்கென்று வந்த தரநிலையில் 3180, 450, 50 மைக்ரோசெகண்ட்.

இந்தியாவில் 78 நெடுநாள் ஓடியது. பீட்டில்ஸ் பாட்டுகளே இங்கே 78 தட்டில் வந்திருக்கின்றன என்றால் பாருங்கள். அதனால் லேபிளில் நாய் படம் இருக்கிறது, எனவே 250 ஹெர்ட்ஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. 1935 தட்டும் 1962 தட்டும் ஒரே லேபிளில் இருக்கும், உள்ளே கர்வ் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கர்வ்களைப் போட்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். குரலைவிடப் பக்கவாத்தியம் நல்ல சாட்சி: மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் ஒரே ஆள் வாசிப்பதுபோல் கேட்கிறதா என்று கவனியுங்கள். வலந்தலை ஓர் அறையிலும் தொப்பி வேறோர் அறையிலும் இருப்பதுபோல் பிரிந்து கேட்டால் பாஸ் திருப்பம் தப்பான இடத்தில் இருக்கிறது. இப்படி நாலு கர்வ் மாற்றி மாற்றிக் கேட்க டிஜிட்டல்தான் வசதி. அனலாக்கில் செய்ய, திருப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் விலை கூடிய ப்ரீஆம்ப் வேண்டும்; அப்போதும் ஒவ்வொரு தடவையும் தட்டு தேய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: எல்பி ஊசியில் 78 ஓட்டுகிறீர்களா? எல்பி ஊசியின் முனை 18 முதல் 25 மைக்ரான். 78க்கு அதைப்போல மூன்று மடங்கு, சுமார் 75 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில், குப்பையில் உரசிக்கொண்டு போகும். அந்த இரைச்சலை எந்த ஈக்யூவாலும் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) எடுக்க முடியாது. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் ஊசி கிடைக்கும், ஆனால் உங்கள் கார்ட்ரிட்ஜ் மாடலுக்குப் பொருந்துகிற 78 ஊசியா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

45இல் ஓட்டி வேகத்தைக் கூட்டினேன், குரல் மூக்கடைத்த மாதிரி இருக்கிறது

78இல் சுற்றாத டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் செய்யும் வழி இது, நல்ல வழிதான். வரிசைதான் இடறும். ப்ரீஆம்ப் ஆர்ஐஏஏவைப் போட்டது மெதுவாக ஓடிய ஒலிக்கு. பிறகு நீங்கள் 1.73 மடங்கு வேகம் கூட்டும்போது பாட்டோடு கர்வும் மேலே நகர்கிறது. 500 ஹெர்ட்ஸில் இருந்த திருப்பம் சுமார் 867க்குப் போகும், 2122இல் இருந்தது சுமார் 3680க்குப் போகும். குரலின் உடம்பே இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால்தான் மூக்கடைப்பு. ப்ரீஆம்பில் மோட்டார் அதிர்வை வெட்டும் 20 ஹெர்ட்ஸ் ரம்பிள் ஃபில்டர் இருந்தால் அதுவும் 35க்கு ஏறியிருக்கும், 50 ஹெர்ட்ஸ் மின்சார ஹம் (ரீங்காரம்) 87க்கு ஏறியிருக்கும்.

சரியான வரிசை: மெதுவான பதிவிலேயே தலைகீழ் ஆர்ஐஏஏ, அதன்பின் க்ளிக் நீக்கம், அதன்பின் வேகம், கடைசியில் 78க்கான கர்வ். வேகம் கூட்டும்போது சுருதியும் காலமும் சேர்ந்து மாறும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் ‘சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்’ (பழைய பதிப்புகளில் ‘சேஞ்ச் ஸ்பீடு’). ‘சேஞ்ச் டெம்போ’ அல்ல.

பழைய தட்டு உண்மையில் 78இல்தான் வெட்டப்பட்டதா என்பது தனிக் கதை. 80இல் வெட்டியதை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்டக் கால் கட்டை இறங்கும். ஆர்மோனியம் இருந்தால் அதை வைத்து ஊகிக்கலாம், அல்லது அந்தப் பாடகர் எந்தக் கட்டையில் பாடுவார் என்று தெரிந்திருந்தால் வசதி. வேகத்தை முடிவு செய்யாமல் கர்வை நுணுக்கமாகத் திருத்துவது வீண் வேலை.

மிருதங்க அடிக்கு முன்னாலேயே ஒரு ‘ஷ்ப்’

முதலில் நேரத்தை அளவெடுங்கள். அந்த முன்னொலி அடிக்கு 1.8 வினாடி முன்னால் வந்தால் எல்பியின் பக்கத்துப் பள்ளம் கசிகிறது. 33⅓இல் ஒரு சுற்றுக்கு அவ்வளவு நேரம். 78இல் அதுவே 0.77 வினாடி. இது தட்டிலேயே இருக்கும் குறை, உங்கள் கருவிகளின் மேல் தப்பில்லை.

சில மில்லிசெகண்ட் முன்னால், அடியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அது கணினியில் பிறந்தது. லீனியர் ஃபேஸ் ஈக்யூ பயன்படுத்துகிறீர்கள். தட்டை வெட்டும்போது கர்வைப் போட்டது அனலாக் சர்க்யூட், அது ஃபேஸையும், அதாவது அலைகள் ஒன்றுக்கொன்று முன்பின் நிற்கும் நிலையையும், சேர்த்தே நகர்த்தியிருக்கும். அனலாக் ப்ரீஆம்ப் திருத்தும்போது அளவோடு ஃபேஸும் தன்னால் பழைய இடத்துக்கு வந்துவிடும். லீனியர் ஃபேஸ் ஈக்யூ அளவை மட்டும் திருத்தும், ஃபேஸைத் தொடாது; அதற்கு விலையாக அதன் அதிர்வில் பாதி அடிக்கு முன்னாலேயே ஒலிக்கும். ‘டிஜிட்டல் ஆர்ஐஏஏ அனலாக் மாதிரி இல்லை’ என்ற புகாரில் பாதி இதனால் வருவது என்பேன். ஆடாசிட்டியின் ஃபில்டர் கர்வ் இந்த வகைதான். ஆர்ஐஏஏ மாதிரி மெதுவாகச் சரியும் கர்வில் இது லேசாகத்தான் தெரியும். செங்குத்தான பாஸ் வெட்டிலும், ஹம்முக்குப் போடும் ஊசிமுனை வெட்டிலும் பளிச்சென்று காதில் விழும். மினிமம் ஃபேஸ் என்று தேர்வு இருக்கும் ஈக்யூவுக்கு மாறுங்கள். சாக்ஸின் ஆர்ஐஏஏ அந்த வகை.

க்ளிக் நீக்கினாலும் ‘டொப்’ என்று அடி மட்டும் தங்குகிறது

க்ளிக் என்பது பள்ளத்தில் ஒரு கீறல், கூரான ஓர் ஈட்டி. ஆர்ஐஏஏ கடந்து வந்தால் அதன் கூர் மழுங்கி, வால் நீண்டுவிடும். சாஃப்ட்வேர் கூரைத்தான் தேடும். நடுப்பகுதியை ஒட்டுப் போட்டுவிட்டு வாலை விட்டுவிடும், அந்த வால்தான் ‘டொப்’. எனவே க்ளிக் நீக்கம் எப்போதும் கர்வுக்கு முன்னால். ஃப்ளாட் ட்ரான்ஸ்ஃபரை நான் விரும்புவதற்கு முதல் காரணமே இதுதான். ப்ரீஆம்ப் வழியே எடுத்திருந்தால் தலைகீழ் ஆர்ஐஏஏ போட்டு, க்ளிக் நீக்கி, மறுபடி கர்வ் போடலாம். முழுப் பலன் கிடைக்காது, பாதிக்கு மேல் கிடைக்கும்.

ஃப்ளாட்டாக எடுக்கும்போது லெவலைத் தாராளமாகக் குறைத்து வையுங்கள். ட்ரெபிள் குறைக்கப்படாததால் க்ளிக் எல்லாம் வானத்துக்கு எகிறும். பாட்டின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். மோனோ தட்டு என்றால் ஸ்டீரியோவாகவே பதிந்து, இரண்டு பக்கமும் தனித்தனியே க்ளிக் நீக்கி, அதன்பின் ஒன்றாக்குங்கள். கீறல் பல நேரம் பள்ளத்தின் ஒரு சுவரில் மட்டும்தான் இருக்கும்.

‘ம்ம்ம்’ என்று ஹம்

ஊசியைத் தூக்குங்கள். ஹம் நின்றால் அது தட்டில் பதிந்தது. நிற்காவிட்டால் உங்கள் வீட்டினுடையது: எர்த் கம்பி இணைக்கவில்லை, லேப்டாப் சார்ஜர் மூன்று முள் பிளக்கில் இல்லை, கார்ட்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஃப்ளாட்டாக எடுப்பவர்களுக்கு இது இரட்டிப்புத் தலைவலி. பிறகு போடும் கர்வ் 50 ஹெர்ட்ஸை 17 டெசிபெல் தூக்கும், உள்ளே வரும்போது காதில் விழாத ஹம்கூட அப்போது எழுந்து உட்காரும். வீட்டு ஹம்மைக் கம்பியில்தான் தீர்க்க வேண்டும், ஈக்யூவில் அல்ல.

தட்டில் பதிந்த ஹம்முக்கு மட்டும் குறுகிய வெட்டு. 50, 100, 150 என்று வரிசையாக வெட்டச் சொல்லும் ரெடிமேட் செட்டிங்கைக் கச்சேரிப் பதிவில் அப்படியே போடாதீர்கள். இரண்டு கட்டை சுருதியின் ஆதார ஷட்ஜம் சுமார் 147 ஹெர்ட்ஸ். 150இல் கொஞ்சம் அகலமாக வெட்டினால் தம்புராவே போய்விடும். 50ஐயும் 100ஐயும் வெட்டிவிட்டு 150ஐ விட்டுவிட்டாலும் பெரும்பாலும் போதும்.

ட்ரெபிளின் நுனி மந்தம், அல்லது கூசுகிறது

மந்தம் என்றால் சாம்பிளிங்கைப் பாருங்கள், அதாவது கணினி ஒலியை வினாடிக்கு எத்தனை தடவை அளக்கிறது என்று. 44.1 கிலோஹெர்ட்ஸில் எளிமையாக எழுதிய டிஜிட்டல் ஆர்ஐஏஏ, மேல் நுனியில் அனலாக்கைவிட வேகமாக இறங்கிவிடும். 96இல் பதிந்து, அங்கேயே கர்வ் போட்டு, கடைசியில் 44.1க்கு இறக்குங்கள்.

கூசினால் கேபிளைப் பாருங்கள். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோஓம் தடையோடு குறிப்பிட்ட கெப்பாசிட்டன்ஸும் வேண்டும். நீள கேபிள் போட்டால் அது கூடி, 10 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மேடு எழும்பும். கேபிளைக் குட்டையாக்குங்கள். தட்டின் உட்பக்கம் போகப் போக மட்டும் கூசுகிறது என்றால் அது ஊசி அமர்வும் பள்ளத் தேய்மானமும், ஈக்யூ விவகாரமே இல்லை.

கேசட் மங்கலாக இருக்கிறது

ஈக்யூவைத் தொடும் முன், டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அதன் சாய்வை மாற்றும் அசிமத் திருகாணியைச் சரிசெய்யுங்கள். மோனோவில் கேட்டுக்கொண்டே மெல்லத் திருகினால் ஒரு புள்ளியில் ‘ஸ’ பளிச்சென்று திறக்கும், அதுதான் இடம். அப்போதும் மங்கல் என்றால் டேப் வகை ஸ்விட்ச்: சாதாரண டேப்புக்கு 120 மைக்ரோசெகண்ட், குரோமுக்கு 70. மாற்றிப் போட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 4.5 டெசிபெல் வித்தியாசம். இதைக் கணினியில் பின்னாலும் திருத்தலாம். டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி அப்படி இல்லை. அது ஒலியின் அளவைப் பார்த்து மாறும், எனவே டால்பி டீகோட் நடப்பதற்கு முன்னால் எந்த ஈக்யூவும் போடக் கூடாது. டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டில் அந்தப் பொத்தான் அழுந்தியிருந்தாலும் மங்கல்தான்.

மிகப் பழைய தட்டு: எந்தக் கர்வ் போட்டாலும் குழாயில் பாடுகிறார்

1925க்கு முந்தைய தட்டில் கர்வ் என்ற பேச்சே இல்லை. பாடியவர் புனலுக்குள் பாடினார், அந்த அதிர்வு நேராக மெழுகை வெட்டியது. சுமார் 200 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரைதான் உள்ளே உருப்படியாக இருக்கும். அதற்கு மேலே ட்ரெபிளைத் தூக்கினால் வருவது பாட்டு அல்ல, தட்டின் உராய்வு. குழாய்த்தன்மைக்குக் காரணம் புனலின் ஒத்ததிர்வுகள்: சில இடங்களில் குரல் திடீரென்று முன்னால் பாய்ந்து வரும்.

இங்கே மட்டும், எந்த அலைவரிசை என்பதையும் குமிழால் நகர்த்தக்கூடிய அனலாக் பேராமெட்ரிக் ஈக்யூ கையில் இருந்தால் எனக்குப் பிடிக்கும். தட்டின் நகலை ஓடவிட்டு, ஒரு கையால் அலைவரிசைக் குமிழை மேலும் கீழும் நகர்த்தினால், அந்த மேடு இருக்கும் இடத்தில் குரல் ஊளையிடும். மவுசால் தேடுவதைவிட இது வேகம். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, வெட்டைக் கணினியில் போடுங்கள்: 3, 4 டெசிபெலுக்கு மேல் வேண்டாம், இரண்டு மூன்று இடங்களுக்கு மேலும் வேண்டாம். அதே பாடகரின் இன்னொரு தட்டில் இதே எண்களைப் போட்டால் பொருந்தாமல் போகலாம். புனல் மாறியிருக்கும், அவர் நின்ற தூரமும் மாறியிருக்கும். மறுபடி தேடுங்கள். கர்வ் போடாத மூலப் பதிவைத் தனிக் கோப்பாக வைத்து, தட்டின் எண், ஊசியின் அளவு, ஓட்டிய வேகம், ப்ரீஆம்ப் எது என்ற நாலு விவரத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.